காமாக் கதிர்த் தொலைநோக்கியின் கமெராவை அளவு திருத்துவது எப்படி?

காமாக் கதிர் தரை வரை வராது. வளிமண்டலத்தில் மோதித் துணிக்கைகளாகப் பொழியும். அந்தப் பொழிவு தரும் நீல மினுக்கம் சில நனோசெக்கன்தான் நிற்கும். நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் படம் பிடிப்பது அதைத்தான். அங்கே 12 மீற்றர் தொலைநோக்கி ஒவ்வொன்றின் கமெராவிலும் 960 ஒளிப்பெருக்கிக் குழாய்கள்; மங்கலான ஒளியையும் மின்துடிப்பாக்கும் இவை ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். ஒரே அளவு ஒளி விழுந்தாலும் அவை ஒரே எண்ணைக் காட்டாது. சரி, எப்படித் திருத்துவது? மட்டக்களப்பில் இருந்தபடியே போனில் பாதியைப் பழகலாம்.

படி 1: பூச்சியம்
மீன்காரர் வெறும் தட்டை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கிய பிறகுதானே மீனைப் போடுவார்? இதுவும் அப்படித்தான். போன் லென்ஸைக் கறுப்புத் துணியால் இறுக்கி மூடி, மூல வடிவில் (RAW) 20 படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இருட்டிலும் புள்ளிகள் மினுங்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரி எடுத்து வையுங்கள். தொலைநோக்கியில் இந்த அளவு வெப்பநிலையோடு நகரும். அதனால் மினுக்கம் விழாத பிக்சல்களைக் கொண்டு இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.

படி 2: சமன்
அதே அமைப்பில், லென்ஸின் மேல் வெள்ளைச் சட்டைத் துணியைப் போட்டு, கல்லடியில் பொழுது சாயும்போது வானத்தைப் படம் எடுங்கள். நடு வெளிச்சமாக, மூலைகள் மங்கலாக இருக்கும். முதலில் பூச்சியத்தைக் கழியுங்கள், அப்புறம் எல்லாப் பிக்சல்களின் சராசரியால் வகுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் எல்லாம் பிழைக்கும். தொலைநோக்கியில் இந்த வேலைக்குச் சீராகப் பரவும் எல்இடி அல்லது லேசர் துடிப்பு.

படி 3: எண்ணை ஒளியிலத்திரனாக்குதல்
எனக்கு மிகப் பிடித்த படி. ஒளி குழாயில் தட்டியெழுப்பும் இலத்திரனே ஒளியிலத்திரன். ஒளி துளித்துளியாக வருவதால் அதன் ஏற்ற இறக்கமே குழாயின் பெருக்கத்தைச் சொல்லிவிடும். துடிப்பில் சராசரி 1100, மாறற்றிறன் (ஏற்ற இறக்கத்தின் அளவு) 12400; இருட்டில் 100, 400 என்று வையுங்கள். இரண்டையும் கழித்தால் 1000, 12000. வகுத்தால் 12. குழாயே சேர்க்கும் கூடுதல் சிதறலுக்காக 1.2 ஆல் வகுத்தால் 10. அதாவது ஓர் ஒளியிலத்திரனுக்கு 10 எண். அந்தத் துடிப்பில் 100 ஒளியிலத்திரன்கள்.

படி 4: கெட்ட பிக்சல்
செத்தவற்றையும், பிரகாசமான நட்சத்திரம் விழுவதால் மின்னழுத்தம் நிறுத்தப்பட்டவற்றையும் விலக்குங்கள்.

படி 5: மியூவோன் வளையம்
மியூவோன் என்பது இலத்திரனைப் போன்ற, ஆனால் கனமான துணிக்கை. தொலைநோக்கிக்கு அருகே விழும் மியூவோன் கமெராவில் வளையம் வரையும். எவ்வளவு ஒளி வந்திருக்க வேண்டும் என்பதை அதன் ஆரத்தைக் கொண்டே கணக்கிடலாம். கிடைத்தது குறைந்தால், கண்ணாடிகள் தூசி படிந்தோ தேய்ந்தோ இழந்த பங்கு அதில் தெரியும்.