அம்மாவின் எண்ணும் கிணற்றடியும்: யாழ்ப்பாணம் செல்வோருக்கு

யாழ்ப்பாணம் புறப்படுமுன், உங்கள் கைப்பேசி வேறு நிறுவன சிம்மை ஏற்குமா, 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குமா என்று பாருங்கள். புதிய சிம் எடுக்கக் கடவுச்சீட்டு வேண்டும். உங்கள் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் வெளிநாட்டு எண்ணுக்கே வருமாதலால் அந்த சிம்மையும் கையோடு வைத்திருங்கள்.

அவற்றைவிட முக்கியம், ஊரிலுள்ள எண் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. அம்மா பாவிக்கும் எண் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்து நான்கு ஆண்டுகளாகியும் எங்களில் எவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சிம் பழுதாகி, மாற்றித் தரும்படி கேட்கத் தொலைபேசி நிறுவனத்தின் கந்தோருக்குப் போனோம். முதல் நாள் மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். கொண்டுபோனால், விவாகப் பதிவில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போன நாளில் அதைப் பார்க்க வேண்டியவர் விடுமுறையில் நின்றார். மூன்று வாரப் பயணத்தில் ஆறு நாட்கள் அந்தக் கந்தோர் வாங்கிலேயே கழிந்தன. புது எண் எடுப்போம் என்றேன். "எல்லாரும் இந்த நம்பருக்குத்தானே தம்பி எடுக்கினம்" என்று, பழைய சிம்மைச் சுற்றிய கடதாசியை அம்மா மடியிலேயே வைத்திருந்தார்.

ஏழாம் நாள் எண் கிடைத்தது. ஆனால் அம்மாவின் அறைக்குள் அழைப்பு அறுந்துகொண்டே இருந்தது. கைப்பேசி அலைக் கோபுரத்தின் உச்சியில் பெரும்பாலும் மூன்று பக்கமாக அலைவாங்கிகள் பொருத்தப்பட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 பாகைப் பரப்பைப் பார்த்துக்கொள்ளும். குடாநாடு சமதரை என்பதால் மலை மறைப்பதில்லை, சுவர்தான் மறைக்கிறது. 900 அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800 அலை சுவரில் கூடுதலாகத் தேயும். கம்பி கட்டிய கொங்கிறீற்று இரண்டையுமே நலிவாக்கும். அலை நலிந்தால் கைப்பேசி தன் வலுவைக் கூட்டிக் கோபுரத்தை எட்டப் பார்க்கும்; மின்கலம் விரைவில் இறங்குவதும் அதனால்தான்.

அந்த அறை முன்பு ஓட்டுக்கூரை. மேலே கொங்கிறீற்றுத் தட்டுப் போடப் பணம் அனுப்பியவன் நான். அதற்குப் பிறகு நான் எடுக்கும்போதெல்லாம் அம்மா கிணற்றடிக்குப் போய் நின்றுதான் பேசியிருக்கிறார், மாரி மழையிலும். ஏன் லைன் அறுகிறது என்று நானோ இங்கிருந்து சினந்திருக்கிறேன்.

போன அன்றே கைப்பேசியோடு வீட்டைச் சுற்றி நடந்து, எந்த யன்னலடியில் கோடுகள் கூடுகின்றன என்று பாருங்கள். அங்கே ஒரு கதிரையும் மின்செருகியும் இருக்கட்டும். நான் திரும்புவதற்கு முதல்நாள்தான் பார்த்தேன்: விறாந்தையின் மேற்கு மூலை.