ரெடிமேட் சாஃப்ட்வேரை மலைக் கடைக்காரருக்குப் புரியச் சொல்வது எப்படி?

கோத்தகிரியில் காட்டேஜ் நடத்துகிறவரிடமோ குன்னூரில் தேயிலை ஃபேக்டரி வைத்திருப்பவரிடமோ சாஃப்ட்வேர் விற்கப் போகிறவர்கள் பாதிப் பேர் கம்பெனி நோட்டீஸை அப்படியே ஒப்பிக்கிறார்கள். மீதிப் பேர் அதைத் தமிழாக்குகிறேன் என்று, அதிலுள்ள 'கிளவுட்'டை 'மேகக் கணிமை' என்கிறார்கள். ஜூலையில் ஜன்னலைத் திறந்தாலே மேகம் உள்ளே வருகிற ஊரில் இந்தச் சொல்லை வைத்து என்ன செய்வது? கல்லாவில் இருப்பவர் எதை அழுத்துவார், அழுத்தினால் என்ன வரும், எப்போது வராது: இந்த மூன்றையும் சொல்லும் வாக்கியம் போதும்.

விலை பேசுவதற்கு முன் அரை மணி நேரம் கல்லா பக்கத்தில் உட்காருங்கள். பில் புத்தகத்தையும் பற்று நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்து, அவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டேஜில் 'இன்வென்டரி' கிடையாது, 'காலி ரூம்' உண்டு. ஃபேக்டரியில் 'டிடக்‌ஷன்' இல்லை, 'கழிவு' உண்டு. ஆனால் திரையில் ஆங்கிலச் சொல்தான் இருக்கும் என்பதை மறைக்காதீர்கள். "திரையில் வெண்டர் என்று வரும் சார், அது உங்களுக்கு இலை போடுகிறவர்" என்று ஒருமுறை சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கிளவுட் என்பதை இப்படிச் சொல்லலாம்: "உங்கள் கணக்கு இந்த கம்ப்யூட்டரில் இருக்காது. கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும், நெட் வழியாகப் பார்ப்பீர்கள். இந்த மெஷின் கெட்டாலும் கணக்கு போகாது. நெட் இல்லையென்றால் திறக்காது." கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட்டால், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் சேர்ந்து போகிற அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும். சில சாஃப்ட்வேர் நெட் இல்லாமலும் பில் போடும், நெட் வந்ததும் ஏற்றிக்கொள்ளும். அப்படி என்றால் வைஃபையை அணைத்து, அவர் கண்முன் ஒரு பில் போட்டுக் காட்டுங்கள்.

அதிகம் வம்பு இழுக்கும் சொல் 'கஸ்டமைஸ்'. ரெடிமேட் சட்டை வாங்கினால் நீளத்தைக் குறைக்கலாம், பட்டன் மாற்றலாம். தோள்பட்டையை அகலமாக்க முடியாது. நீங்கள் 'கஸ்டமைஸ் செய்யலாம்' என்றதும் அவர் காதில் விழுவது 'அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள்' என்று. ஆகவே ஒரு தாளை நடுவில் மடித்து, மாறும் விஷயங்களை ஒரு பக்கமும் மாறாதவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். கடைப் பெயர், லோகோ, ரூம் வாடகை, எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் பெரும்பாலும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

தேயிலை ஃபேக்டரியில் இது எப்படிக் காலை வாரும் என்று பாருங்கள். சாதாரணக் கொள்முதல் சாஃப்ட்வேர், சரக்கு வரும்போதே விலையைக் கேட்கும். நீலகிரியில் சிறு விவசாயி இன்று போடும் பசுந்தேயிலைக்கு இன்று எடை மட்டும்தான் தெரியும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையைப் பார்த்துத்தான் பிறகு கணக்கு முடியும். இடையில் அட்வான்ஸ் வேறு. "விலையைக் காலியாக விட்டு எடையை மட்டும் ஏற்ற முடியுமா, பிறகு மாத இலை மொத்தத்துக்கும் ஒரே தடவையில் விலை போட முடியுமா?" என்று நீங்களே முதலில் சோதியுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். 'பர்சேஸ் மாட்யூல் இருக்கிறது' என்பது பதிலாகாது.

'மூன்று யூசர்' என்பதும் பொறி. மூன்று பேருக்குத் தனித்தனிப் பாஸ்வேர்டா, ஒரே நேரத்தில் மூன்று பேர் உள்ளே இருக்கலாமா? டேலி பிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு, கோல்டு ஒரே நெட்வொர்க்கில் உள்ள பல கம்ப்யூட்டர்களுக்கு. "ஆபீஸிலும் எடை மேடையிலும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டாலே எது வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

'லைஃப்டைம்' என்றால் எதன் ஆயுள் என்று விளக்குங்கள். வாங்கியது ஓடிக்கொண்டே இருக்கும், புது மாற்றங்கள் வேண்டுமானால் வருடப் பணம் கட்ட வேண்டும் என்பதே பல இடங்களில் அர்த்தம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையான ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி விகிதத்தை செட்டிங்கில் நாமே மாற்றலாமா, கம்பெனி அப்டேட்டுக்குக் காத்திருக்க வேண்டுமா? 'அப்டேட்' என்றால் என்ன என்பதை இந்த ஒரு உதாரணம் விளக்கிவிடும்.

'தமிழில் பில் வரும்' என்று எழுதுமுன் அவருடைய பிரிண்டரிலேயே ஒன்று எடுத்துப் பாருங்கள். சின்ன தெர்மல் பிரிண்டர் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. சாஃப்ட்வேர் பில்லைப் படமாக அனுப்பினால்தான் தமிழ் வரும். எழுத்தாக அனுப்பினால் கட்டமும் கேள்விக்குறியும்தான் வரும். இரண்டு அங்குலக் காகிதத்தில் நீளமான பெயர்கள் உடையும், அதையும் காட்டிவிடுங்கள்.

விலையை ஒரே வரியில், கையிலிருந்து போகும் தொகையாக எழுதுங்கள். "வருடம் 12,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 14,160. விலை ஏறாவிட்டால் மூன்று வருடத்துக்கு 42,480." பழைய நோட்டை ஏற்றித் தர, பிரிண்டருக்கு, பயிற்சிக்குத் தனிப் பணம் என்றால் அடுத்த வரியிலேயே வரட்டும்.

எல்லாம் எழுதியபின், தாளை மூடிவைத்துவிட்டு, "இதை உங்கள் பார்ட்னருக்குப் போனில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னால், எந்த வாக்கியத்திலிருந்து அது கிளம்பியது என்று தேடித் திருத்துங்கள். 'ஆன்லைன் புக்கிங்கோடு சேர்ந்து ஓடும்' என்பதை "ஒரே ரூம் ரெண்டு பேருக்குப் போகவே போகாது" என்று பெரும்பாலும் திருப்பிச் சொல்வார்கள். ஒரு ரூம் போனதும், மேக்மைட்ரிப்பிலும் புக்கிங் டாட் காமிலும் அது காலி இல்லை என்று காட்ட சற்று நேரம் பிடிக்கலாம். மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சி வாரத்தில் அந்த இடைவெளியிலேயே இரண்டு குடும்பம் வாசலில் நிற்கும். "கடைசி ஒரு ரூமைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சேர்த்து எழுதுங்கள்.

'24 மணி நேர சப்போர்ட்' என்ற வரியை அடித்துவிட்டு, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எந்த எண்ணில் யார் எடுப்பார், தமிழில் பேசுவாரா என்று எழுதுங்கள். எழுதுமுன் ஒரு ஞாயிறு இரவு நீங்களே அந்த எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள்.