பத்தாண்டு கழித்தும் திறக்கும் வலைப்பதிவு: கட்டற்ற கணினி விளையாட்டுகளிலிருந்து சில பாடங்கள்

நெட்ஹேக் என்னும் கணினி விளையாட்டு 1987இல் வெளியானது. எழுத்துகளும் குறிகளும் மட்டுமே நகரும் அதன் கறுப்புத் திரையைப் பார்ப்பவர்கள், இதை இன்னும் யார் விளையாடுவார்கள் என்று கேட்கக்கூடும், ஆனால் விளையாடுகிறார்கள். அதன் 3.4.3 பதிப்பு 2003 டிசம்பரில் வந்தது. அடுத்த பதிப்பான 3.6.0 வருவதற்கு 2015 டிசம்பர் ஆகிவிட்டது. மூலக் குழு அமைதியாக இருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் விளையாட்டு நின்றுவிடவில்லை. நிரலை எடுத்துத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்ததால் (கட்டற்றது என்பதன் பொருள் இதுவே), பலர் கிளைப் பதிப்புகளை உருவாக்கினர். பொதுச் சர்வர்களிலும் ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. இதற்கு நேர்மாறாக, ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிருந்த ஃப்ளாஷ் விளையாட்டுகள், அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அவை ஓடுவதையே தடுத்தபோது, உலாவிகளிலிருந்து ஒரேயடியாக மறைந்தன. பின்னர் ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள்தான் அவற்றில் பலவற்றை மீண்டும் ஓடச் செய்தது.

வலைப்பதிவுகளுக்கும் இதே நிலைதான் நேர்கிறது. எழுதியவர் சோர்ந்துபோனதால் மறைந்த பதிவுகளைவிட, டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) காலாவதியானதாலும், சேவை மூடப்பட்டதாலும், தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) மாற்றத்தில் உரை சிதைந்ததாலும் மறைந்தவையே அதிகம் என்பது என் கணிப்பு. இவை மூன்றும் தவிர்க்கக்கூடியவை. நீடித்து நிற்கும் விளையாட்டுகள் எதனால் நிற்கின்றன என்று பார்த்தால், வலைப்பதிவர் செய்ய வேண்டிய வேலைகள் தெளிவாகிவிடும்.

பெயரைக் காப்பது

நெக்ஸூயிஸ் என்ற கட்டற்ற துப்பாக்கிச் சுடு விளையாட்டு 2005இல் வெளியானது. 2010இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை ஒரு வணிக நிறுவனத்துக்குச் சென்றது. நிரலோ யாரும் எடுத்துத் திருத்திப் பகிர இடம்தரும் குனூ பொது உரிமத்தின் கீழ் இருந்ததால், அதுவரை அதை வளர்த்து வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சோனோடிக் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தனர். வணிகப் பதிப்பு 2012இல் வந்தது. அதை வெளியிட்ட நிறுவனம் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே திவால் மனு கொடுத்தது. சோனோடிக் இன்றும் இருக்கிறது. ஆயினும் பழைய பெயரில் ஐந்தாண்டுகள் சேர்ந்திருந்த இணைப்புகளையும் அறிமுகத்தையும் அவர்கள் முதலிலிருந்து ஈட்ட வேண்டியிருந்தது.

வலைப்பதிவருக்குப் பெயர் என்பது டொமைன்தான். இலவசச் சேவையில் எழுதினாலும் பரவாயில்லை. சொந்த டொமைன் ஒன்றை வாங்கி அதனுடன் இணைத்துவிட்டால், நாளை சேவை மாறினாலும் வாசகருக்கு முகவரி மாறாது. டொமைன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா, தளம் அமைத்துத் தந்த நண்பரின் பெயரிலோ கடையின் பெயரிலோ பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். அதற்கென இணைத்துள்ள வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டொமைனைப் பதிவுசெய்து தந்த நிறுவனத்திடம் கொடுத்துள்ள மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் முடங்கினால் அந்த அஞ்சல்பெட்டியும் முடங்கும். அதன்பின் வரும் எச்சரிக்கைக் கடிதம் எதுவும் உங்கள் கண்ணில் படாது.

உரை வேறு, தளம் வேறு

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம் விளையாட்டு, நீடிப்பு என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் காட்சியை வரையும் எஞ்சின் ஒருபுறமும், நிலைகளின் வரைபடம், படங்கள், ஒலிகள் ஆகியவை வாட் எனப்படும் தனிக் கோப்பிலுமாகப் பிரித்துவைக்கப்பட்டிருந்தன. 1997 டிசம்பரில் அதன் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் எஞ்சினின் மூலநிரலை வெளியிட்டார். 1999இல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதன்பிறகு எத்தனையோ கருவிகளுக்கும் இயங்குதளங்களுக்கும் எஞ்சின் புதிதாக எழுதப்பட்டுவிட்டது. 1993இல் தயாரான வாட் கோப்போ ஓர் எழுத்தும் மாறாமல் அவற்றிலெல்லாம் ஓடுகிறது. எஞ்சின் கட்டற்றதாக மாறியபோதும் மூல வாட் கோப்பு விற்பனைப் பொருளாகவே இருந்ததால், அதற்கு ஈடாக ஃப்ரீடூம் என்ற கட்டற்ற உள்ளடக்கத் தொகுப்பையும் ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். இரண்டும் பின்னிப் பிணைந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

உங்கள் கட்டுரைதான் வாட் கோப்பு. வலைப்பதிவை அமைத்து இயக்கும் வேர்ட்பிரஸ், பிளாகர், ஹ்யூகோ ஆகியவை எஞ்சின்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் மாற்றும்படி கட்டுரை இருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், பதிவுக்குள் தலைப்பு, பத்தி, பட்டியல், மேற்கோள், படம், இணைப்பு ஆகிய அடிப்படைக் கூறுகளை மட்டும் பயன்படுத்துவது. பக்கத்தை இழுத்துப்போட்டு அலங்கரிக்க உதவும் பிளக்இன்கள் (தளத்துடன் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பலவும் கட்டுரைக்கு உள்ளேயே தம்முடைய குறுங்குறிகளைச் செருகிவிடுகின்றன. அந்த பிளக்இனை நீக்கிய மறுநொடி, பத்திகளுக்கு நடுவே சதுர அடைப்புகளும் புரியாத சொற்களும் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய எளிய சோதனை உண்டு. முழுக் காப்பு நகல் எடுத்துக்கொண்டபின், வாசகர் குறைவாக வரும் வேளையில், தளத்தை வேர்ட்பிரஸுடன் வரும் இயல்பான தீமுக்கு மாற்றி, அலங்கார பிளக்இன்களை நிறுத்திவிட்டு, பழைய பதிவுகள் சிலவற்றைத் திறந்து படியுங்கள். தடையின்றிப் படிக்க முடிந்தால் கவலையில்லை. முடியாவிட்டால், அதிகம் படிக்கப்படும் பதிவுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யுங்கள்.

இதற்கும் மேலாக, ஒவ்வொரு பதிவின் மூலத்தையும் வெற்று உரைக் கோப்பாக உங்கள் கணினியிலேயே வைத்திருப்பது நல்லது. டேவிட் வைட் 2003இல் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற வியூக விளையாட்டில், படைவீரர்களின் ஆற்றல் முதல் கதைக் காட்சிகள் வரை அனைத்தும் சாதாரண உரைக் கோப்புகளிலேயே எழுதப்பட்டுள்ளன. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அவற்றைத் திறந்து புதிய போர்த்தொடர்களை உருவாக்கவும், வசனங்களைப் பல மொழிகளில் பெயர்க்கவும் முடிந்ததற்கு அதுவே காரணம். தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் எழுதி, கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு கோப்புறை என்று அடுக்கினால் போதும். தேடுவதற்குத் தனி மென்பொருள் தேவைப்படாது.

டூம் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. கார்மாக்கால், விளையாட்டு முதலில் வந்த டாஸ் இயங்குதளப் பதிப்பின் நிரலை வெளியிட முடியவில்லை; லினக்ஸ் பதிப்பைத்தான் தர முடிந்தது. டாஸ் பதிப்பில் பயன்பட்ட ஒலி நிரலகம் வேறொருவருடைய பதிப்புரிமைக்கு உட்பட்டிருந்ததே காரணம். வலைப்பதிவில் நாம் பதிக்கும் சமூக ஊடக இடுகைகளும், காணொளிகளும், வருகைக் கணக்குப் பெட்டிகளும் இத்தகைய பிறர் உடைமைகளே. அவற்றைப் பதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் இடுகையை மேற்கோள் காட்டும்போது அதன் சாரத்தையும் தேதியையும் உங்கள் வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். பெட்டி காலியானாலும் கட்டுரையின் வாதம் அறுந்துபோகாது.

தமிழுக்கென்றே சில கவனங்கள்

ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை இன்று குப்பை எழுத்துகளாகவே தெரிகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் வெளியிட்ட இலக்கிய மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டதால்தான் அவை இன்றைய கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன. உங்களிடம் பழைய குறியாக்கத்தில் கட்டுரைகள் இருந்தால், மாற்றிகள் எளிதாகக் கிடைக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும், ஒகர ஓகாரக் குறிகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும்.

அடுத்தது பதிவின் முகவரி. தலைப்பைத் தமிழில் இட்டால், பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டுப் பொதுவான ஒரு பெயருடன் எண்ணை மட்டும் சேர்த்து முகவரி அமைக்கிறது. பார்ப்பவருக்கு அது எதைப் பற்றிய பதிவு என்று தெரியாது. வேர்ட்பிரஸில் சிக்கல் வேறு விதமானது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளுடன் ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடங்களே உண்டு. உயிர்மெய்யின் துணைக்குறியும் தனியாக எண்ணப்படுவதால், 22 குறிகளில், அதாவது இரண்டு மூன்று சொற்களில், முகவரி நடுவிலேயே துண்டிக்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது வரும் அந்த நீண்ட விழுக்காட்டுச் சரத்தைப் பார்த்து அஞ்சாத வாசகர் குறைவு. ஆகவே பதிவை வெளியிடும் முன்பே, நிரந்தர இணைப்புக்கான பெட்டியில், மூன்று நான்கு சொற்களை ரோமன் எழுத்தில் நீங்களே இடுங்கள். அதில் ஆண்டையோ பகுப்பின் பெயரையோ சேர்க்காதீர்கள். பின்னர் மாற்றத் தோன்றுபவை அவையே. வெளியான முகவரியை மாற்றியே தீரவேண்டுமானால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகை வழிமாற்று (முகவரி நிரந்தரமாக மாறியதைத் தெரிவித்து வாசகரைப் புதியதற்கு அனுப்பும் அமைப்பு) அமைத்துவிட்டு மாற்றுங்கள். பிளாகரின் அமைப்புகளிலேயே இதற்கு இடமுண்டு. வேர்ட்பிரஸுக்கு இலவச பிளக்இன்கள் உள்ளன.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, சாதாரணம், தடிமன் ஆகிய இரண்டு வடிவங்களை மட்டும் ஏற்றுங்கள். வரி இடைவெளி எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இடிபடாமல் இருக்கும். இருபுறமும் சமப்படுத்தும் அமைப்பைக் கைவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைப்பேசித் திரையில் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினாலே தளத்தின் வேகம் பெரும்பாலும் சீராகிவிடும். வேகத்துக்கென்று ஐந்தாறு பிளக்இன்களை நிறுவுவது தேவையற்ற வேலை.

படங்களும் உரிமமும்

டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற 1995ஆம் ஆண்டு வணிக விளையாட்டின் மறு ஆக்கமாக லுட்விக் ஸ்ட்ரிகியஸ் உருவாக்கிய ஓப்பன்டிடிடி 2004இல் வெளிவந்தது. நிரல் கட்டற்றதாக இருந்தும், படங்களும் ஒலிகளும் மூல விளையாட்டைச் சேர்ந்தவை என்பதால், அதை வாங்கியவர்கள் மட்டுமே இதை விளையாட முடிந்தது. ஆர்வலர்கள் ரயில், சாலை, கட்டடம் என்று ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைந்து, ஒலிகளையும் தனியே சேர்த்து முடித்தபின், 2010இல் வந்த 1.0 பதிப்புதான் எவரையும் சாராமல் ஓடியது. தேடுபொறியில் கிடைத்த படங்களை அப்படியே எடுத்தாளும் பதிவருக்கும் ஒருநாள் இதே வேலை காத்திருக்கிறது. உரிமையாளர் நீக்கச் சொன்னால் நீக்கத்தான் வேண்டும். நீங்களே எடுத்த படம், அல்லது விக்கிமீடியா காமன்ஸில் உரிமம் தெளிவாகக் குறிக்கப்பட்ட படம் என்ற இரண்டோடு நின்று, எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

உங்கள் எழுத்துக்கும் ஓர் உரிமம் தேவை. எதுவும் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி எல்லா உரிமைகளும் உங்களுடையவை. நீங்கள் பதில் எழுத இயலாத நிலையில் அதைக் காப்பாற்ற நினைப்பவருக்கும் கை கட்டப்பட்டுவிடும். பெயர் குறிப்பிட்டுப் பகிரலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தளத்தின் அடியில் ஒரு வரியாக எழுதலாம். அவ்வாறு உரிமம் பெற்ற தமிழ் வலைப்பதிவுகளைத் தன்னார்வலர்கள் தொகுத்து மின்னூலாக வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இதற்கு நல்ல சான்று. வேர்ட்பிரஸே இந்த வகையில் பிழைத்ததுதான்: பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதன் பொது உரிமத்தைப் பயன்படுத்தி மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் கிளைத்தெடுத்ததே வேர்ட்பிரஸ்.

காப்பு நகல்

வேர்ட்பிரஸும் பிளாகரும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்ய வழி தருகின்றன. பலர் அறியாத குறை ஒன்று அதில் உண்டு: அந்தக் கோப்பில் படங்கள் இருப்பதில்லை, படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். ஆகவே வேர்ட்பிரஸில் பதிவேற்றக் கோப்புறையைத் தனியே இறக்கிக்கொள்ளுங்கள்; பிளாகரில், ஏற்றும் முன்பே படங்களின் மூலங்களைக் கணினியில் சேமித்துவையுங்கள். மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து, ஒரு நகலை வன்தட்டிலும் மற்றொன்றை வேறொரு சேமிப்பிடத்திலும் வைக்கலாம். திறந்து பார்க்காத காப்பு நகலை நம்ப முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இலவசச் சோதனைத் தளம் ஒன்றில் அதை இறக்குமதி செய்து, பதிவுகள் முழுமையாக வருகின்றனவா என்று பாருங்கள். முக்கியமான பதிவை வெளியிட்ட அன்றே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுவதும் நல்ல பழக்கம். அதற்குக் கட்டணம் இல்லை.

விளையாட்டுகளைப் பற்றியோ மென்பொருளைப் பற்றியோ எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் எண்ணையும் இயங்குதளத்தையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வெஸ்நாத்தின் ஒரு படைவீரனைப் பற்றி இன்று நீங்கள் தரும் ஆலோசனை அடுத்த பதிப்பில் தவறாகலாம்; பதிப்பு எண் இருந்தால், படிப்பவர் எந்த வரியை நம்பலாம் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார். பின்னாளில் திருத்தும்போது பழைய உரையைச் சத்தமின்றி அழிக்காமல், திருத்திய தேதியையும் மாறிய செய்தியையும் பதிவின் இறுதியில் ஒரு வரியாகச் சேருங்கள்.