6061 அலுமினியம் வெல்டில் நட்டநடுவே விழும் விரிசலைத் தவிர்ப்பது எப்படி?

பேட்டையில் எங்கள் பட்டறைக்கு 6061 (மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம்) பிளேட் வேலை வந்தது. 6 மி.மீ. கனம், பட் ஜாயின்ட் (இரண்டு பிளேட்டின் விளிம்பையும் நேருக்கு நேர் வைத்து ஒட்டுவது). ஏசி டிக் (TIG) வெல்டிங்கில் ஓட்டி முடித்து மாஸ்க்கைத் தூக்கினால் வெல்டு பளபளவென்று இருக்கிறது. நட்டநடுவே தலைமுடி மாதிரி ஒரு கோடு. மூன்று பீஸ் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

6061 ஒரே சூட்டில் உறைவதில்லை. 652 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கி 582 வரை கூழாகவே கிடக்கும். அலுமினியம் உறையும்போது ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். கூழ் அந்த இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடுகிறது.

சுத்தம்: முதலில் அசிட்டோன், பிறகு எஸ்எஸ் பிரஷ். வரிசை மாறினால் எண்ணெய் உள்ளே தேய்ந்துவிடும். இரும்பில் போட்ட பிரஷ் வேண்டாம்.

இனி, நான் சறுக்கிய இடம். இரும்பில் பழகிய கை, இரண்டு விளிம்பையும் இடைவெளியில்லாமல் நெருக்கி வைத்து, உருக்கி நிரப்பும் ராடைச் சிக்கனமாகக் கொடுத்தேன். உருகியதில் பெரும்பங்கு 6061தான். விரிசலுக்கு அதைவிட வாகான கலவை கிடையாது. 4043 ராடில் 5 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. அது தாராளமாகக் கலந்தால் கடைசிவரை திரவம் மீந்திருந்து, பிளக்கிற இடத்தில் ஓடி நிரப்பும். எனவே 60 முதல் 70 டிகிரி ‘வி’ வெட்டுங்கள். கிரைண்டிங் கல்லில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். அரமோ கார்பைடு பர்ரோ (சுழன்று வெட்டும் முனை) எடுங்கள். ‘வி’ முழுவதையும் ராடுதான் நிரப்ப வேண்டும்.

அனோடைஸ் (மின்முறையில் மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்யும் பொருளென்றால் 4043 கருத்துப்போகும், அதற்கு 5356 ராடு. மற்றபடி என் கை 4043க்குத்தான் போகும்.

கிளாம்பை இறுக்கிக் கட்டாதீர்கள்; ஒரு பக்கமாவது நகர இடம் கொடுங்கள்.

முடிக்கும் இடத்தில் பெடலைச் சட்டென்று விடக்கூடாது. மின்சாரத்தை மெதுவாக இறக்கிக்கொண்டே இன்னும் இரண்டு சொட்டு ராடு கொடுத்து, குழி மேடாகும்வரை நில்லுங்கள். அந்தக் குழியில்தான் நட்சத்திர விரிசல் விழும்.

பின்சேர்க்கை: 7075க்கும் (துத்தநாகம் கலந்த அலுமினியம்) இதே முறை சரிவருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வராது. 5356 போட்டாலும் விரியும், போல்ட் போடுங்கள். துத்தநாகக் கலவையில் வெல்டு வைத்தே ஆகவேண்டுமென்றால் 7020 வாங்கி 5356 ராடு போடுங்கள். செம்பு கலந்த அலுமினியத்தில் 2024 வேண்டாம். 2219ஐ 2319 ராடில் நன்றாகவே ஒட்டலாம்.