இங்கிலாந்தில் மருத்துவத் தரவு கேட்கும் ஆய்வாளர்கள் சறுக்கும் இடங்கள்

நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால் என்.ஹெச்.எஸ். (அங்குள்ள அரசு மருத்துவ சேவை) தரவு தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சட்டக் கேள்விகள் இரண்டு தனியாக இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான யு.கே. ஜி.டி.பி.ஆரின் 6, 9-ஆம் பிரிவுகளில் எதன் அடிப்படையில் தரவைக் கையாளப் போகிறீர்கள் என்பது ஒன்று. நோயாளியின் ரகசியத்தை எந்த உரிமையில் பார்க்கிறீர்கள் என்பது இன்னொன்று. அடையாளம் தெரியும் தரவென்றால், இரண்டாவதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் 2006-ஆம் ஆண்டு என்.ஹெச்.எஸ். சட்டத்தின் 251-ஆம் பிரிவு ஆதரவு, அதாவது சம்மதமில்லாமல் பயன்படுத்தும் அனுமதி, வேண்டும். சம்மதப் படிவம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பங்கேற்பாளரின் என்.ஹெச்.எஸ். எண்ணை வெளியே அனுப்பி அவருடைய மருத்துவத் தரவோடு இணைப்போம் என்று அதில் தெளிவாக இல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

அடுத்தது பேராசை. கேட்கும் ஒவ்வொரு தரவுப் புலத்துக்கும் (பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு போன்றவை) காரணம் கேட்பார்கள். பிறந்த தேதிக்குப் பதில் மாதமும் ஆண்டும் போதுமா, அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் சிறு பகுதிக் குறியீடு போதுமா என்று முதலிலேயே யோசியுங்கள்.

நன்றாகத் தெரிந்தவர்களும் கோட்டை விடுவது, தரவு இருக்கும் பாதுகாப்பான கணினிச் சூழலிலிருந்து முடிவுகளை வெளியே எடுக்கும்போதுதான். மருத்துவமனைச் சேர்க்கைத் தரவில், தேசிய அளவுக்குக் கீழே, 1 முதல் 7 வரையுள்ள எண்ணிக்கையை மறைத்து, மற்றதை 5-இன் மிக அருகிலுள்ள மடங்காக முழுமையாக்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் மொத்தம் 46 பேர், ஆண்கள் 43, பெண்கள் 3 என்று வையுங்கள். 3-ஐ மட்டும் மறைத்தால் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மொத்தத்தையும் ஆண்களையும் 45 ஆக்கிவிட்டு, பக்கத்தில் ஆண்கள் 93.48 சதவீதம் என்று விட்டுவைத்தாலும் அதே கதைதான்: 43 முதல் 47 வரையுள்ள எண்களில் 46-இல் 43-க்கு மட்டுமே அந்தச் சதவீதம் வரும். சதவீதத்தையும் முழுமையாக்கிய எண்ணிலிருந்தே போடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச மதிப்புகளும் பெட்டி வரைபடத்தில் (box plot) ஒதுங்கி நிற்கும் புள்ளிகளும் தனி ஆட்களைக் காட்டிக்கொடுப்பவை. போன வாரம் 80 வயது வரை, இந்த வாரம் 81 வரை என்று இரண்டு அட்டவணை எடுத்தால், வித்தியாசமே ஒரு சிறு குழு.

திரையைப் போனில் படம் எடுப்பது மீறல். எந்த நாட்டிலிருந்து தரவைத் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். விடுமுறைக்குச் சென்னை வந்த இடத்தில் லாகின் செய்துவிடாதீர்கள்.

மாநாட்டுக் கெடுவுக்கு முந்தின நாள் நாற்பது அட்டவணை அனுப்பாதீர்கள், முடிவுகளை வெளியே விடும் முன் சரிபார்ப்பவரும் மனிதர்தான். தேவையானதை மட்டும், மாறிகளின் விளக்கத்தோடும் மறைத்த விதத்தோடும் அனுப்பினால் திரும்பி வருவது குறையும்.