பாஸ்டருக்குக் கூடமாட நிற்க வந்திருக்கிறீர்களா? முதல் வருடத்துக்கான செய்முறை

"வர்ற மாசத்துலேர்ந்து எனக்குக் கூடமாட ஒத்தாசையா இருய்யா" என்று பாஸ்டர் உங்களைக் கேட்டிருப்பார். சரி பாஸ்டர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், என்ன செய்ய வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்திருக்கும். 18 வருடங்களுக்கு முன் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு யாராவது இதையெல்லாம் சொல்லித் தந்திருந்தால் ஒரு குடும்பத்தின் கண்ணீரையாவது நான் தவிர்த்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துச் சபைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். நாற்பது குடும்பம் இருந்தால் பெரிய சபை. பால்மரக் காடு செம்பனையாக மாறியபோது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்கள் பாதிப்பேர். இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருப்பவர்கள் சிலர். அலுவலகம் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பாஸ்டரே வேன் ஓட்டுவார், மைக் கட்டுவார், நடுராத்திரியில் சாவு வீட்டுக்குப் போவார், விடிந்ததும் பிரசங்கத்துக்கு உட்காருவார். மோசே காலைமுதல் மாலைவரை ஒற்றை ஆளாக நியாயம் விசாரித்ததைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மாமனார் எத்திரோ சொன்னாரே (யாத்திராகமம் 18), அதே நிலைமைதான். உங்களைக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

முதல் படி: எது உங்கள் வேலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

பாஸ்டரிடம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரக் கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். மூன்று பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள்: நானே முடிவு செய்யலாம், பாஸ்டரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், நான் தொடவே கூடாது. நாற்காலி வாடகைக்கு எடுப்பது முதல் பக்கத்தில் வரும். யார் சாட்சி சொல்வது, யார் பாட்டு நடத்துவது எல்லாம் இரண்டாவது. புருஷன் பெண்டாட்டி பிரச்சினை பெரும்பாலும் மூன்றாவது. எத்திரோ சொன்ன ஏற்பாடும் இதுதான்: சிறிய காரியங்களை மோசே நியமிக்கும் தலைவர்களே தீர்க்கட்டும், பெரியவை மோசேயிடம் வரட்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். "உங்களை எந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது பாஸ்டர்?" பல பாஸ்டர்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பாஸ்டர் புதன்கிழமை காலை பிரசங்கத்துக்காக ஒதுக்கியிருந்தார் என்பதே எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் புதன்கிழமை காலையில்தான் அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் பொறுப்பை அவர் வாயாலேயே சபைக்கு முன் அறிவிக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் போய்ச் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

இரண்டாம் படி: வாரத்தை அடுக்குங்கள்

கெடாவில் இது லேசான வேலை இல்லை. இங்கே அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆனால் பக்கத்துப் பினாங்கு மாநிலத்தில் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பினாங்குக் கணக்கு, சனியும் ஞாயிறும். சனியைத் தவிர, ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு, பிள்ளைக்கு வேறு நாள் லீவு. வெள்ளி காலை ஆராதனை வைத்தால் அப்பா வர மாட்டார். ஞாயிறு காலை வைத்தால் பிள்ளை வராது. எங்கள் சபையில் வெள்ளி காலை ஒன்று, ஞாயிறு சாயங்காலம் ஒன்று என்று வைத்த பிறகுதான் சில குடும்பங்கள் முழுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம்.

ஆகவே முதல் மாதத்திலேயே வீடு வீடாக விசாரித்து ஒரு பட்டியல் எழுதுங்கள்: யாருக்கு எந்த நாள் லீவு, யாருக்கு நைட் ஷிப்ட், யார் வீட்டில் வண்டி இல்லை. தோட்டத்துக்குள் இருக்கும் பாட்டிமாரை யார் ஏற்றி வருவது என்பதையும் எழுதுங்கள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது பாஸ்டர் கையில் இந்தப் பட்டியல் இருந்தால் அவருக்குப் பாதிப் பாரம் குறையும்.

மூன்றாம் படி: கதவைத் திறக்கிறவர் நீங்களாக இருங்கள்

ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மின்விசிறி, மைக், பாட்டுத் தாள், கழிவறையில் தண்ணீர், திருவிருந்து நாளாக இருந்தால் அப்பமும் திராட்சைரசமும். பிரசங்க மேடையில் ஒரு கிளாஸ் தண்ணீர். பாஸ்டர் உள்ளே வரும்போது அவர் மனதில் வசனம் மட்டும் இருக்க வேண்டும், ஸ்பீக்கர் கம்பி இருக்கக் கூடாது.

இதெல்லாம் ஊழியமா என்று சிலர் கேட்பார்கள். எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் எலிசாவை யூதாவின் ராஜா யோசபாத்திடம் அடையாளம் சொன்னார்கள். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவிடம் கேட்டதும் துரோவாவில் விட்டு வந்த மேலங்கியையும் புத்தகங்களையும்தான், அதுவும் மாரிகாலத்துக்கு முன்னே. தண்ணீர் வார்த்ததும் மேலங்கி சுமந்ததும் வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறதென்றால், நாற்காலி துடைப்பதை நான் சிறியதாக நினைக்க மாட்டேன்.

வாசலில் நிற்கும்போது நம் நாட்டுச் சட்டம் ஒன்றை மனதில் வையுங்கள். முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்று கூட்டரசு அரசமைப்பின் 11(4) சொல்கிறது. சபைத் துண்டறிக்கையைத் தெருவில் போகிற வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுக்காதீர்கள். சந்தேகமென்றால் பாஸ்டரிடம் கேளுங்கள்.

நான்காம் படி: காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது

நான் தவறிய இடம் இது.

உதவிக்கு வந்த இரண்டாவது வருடம். ஒரு குடும்பத்தின் மகளைப் பற்றிப் பாஸ்டர் மன வேதனையோடு என்னிடம் சொன்னார், ஜெபிப்பதற்காக. நான் அதை இன்னொரு சகோதரரிடம் சொன்னேன். "அவங்களுக்காகக் கொஞ்சம் ஜெபிச்சுக்கோங்க அண்ணே" என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அம்மா கோப்பிக்கடையில் அதைக் கேள்விப்பட்டார். அந்தக் குடும்பம் மூன்று வருடம் சபைக்கு வரவில்லை. பாஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீண்ட காலம் அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. அவர் தனியாகவே சுமந்தார். ஒத்தாசைக்கு வந்தவன் பாரத்தைக் கூட்டிவிட்டேன்.

தோட்டத்து ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சொன்னது மறு லயத்துக்குப் போக அரை மணி நேரம் போதும்; இப்போது வாட்ஸ்அப் வந்த பிறகு அதுவும் வேண்டாம். ஆகவே பெயரோடு வரும் ஜெப விண்ணப்பத்தைக் குழுவில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள்: "குரூப்ல போடலாமாம்மா, பேர் இல்லாம போடட்டுமா?" நோய் விவரம், கடன், வீட்டுச் சண்டை எதையும் போடாதீர்கள். உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கூடச் சொல்லாதீர்கள். கேட்டால், "அது பாஸ்டர் காரியம்மா" என்று சொல்லிப் பழகுங்கள். முதலில் கோபப்படுவார்கள். பிறகு அவர்களுக்கே உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஐந்தாம் படி: "பாஸ்டர் சொன்னார்" என்ற வார்த்தை

எலிசாவின் வேலைக்காரன் கேயாசி நாகமானின் பின்னால் ஓடினான். வெள்ளியின் மேல் ஆசை என்று நாம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் அவன் வாயில் முதலில் வந்தது என்ன? என் எஜமான் என்னை அனுப்பினார் என்பது. சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னான்.

இந்தச் சோதனை உங்களுக்கு வாரம் ஒரு முறையாவது வரும். வாலிபர்கள் நாற்காலி அடுக்காமல் போனால், "பாஸ்டர் அடுக்கச் சொன்னார்" என்று சொல்லிவிட்டால் வேலை நடக்கும். சொல்லாதீர்கள். "தம்பி, அடுக்கிட்டுப் போங்கப்பா, எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று உங்கள் பெயரிலேயே கேளுங்கள். அவர் உண்மையிலேயே சொல்லியிருந்தால் மட்டும் அவர் பெயரை எடுங்கள், அதுவும் அவர் சொன்ன வார்த்தையோடு, கூட்டாமல் குறைக்காமல்.

ஆறாம் படி: குறை சொல்ல வருகிறவர்களிடம்

இதுதான் மிகக் கடினம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் பசியாறிக்கொண்டிருக்கும்போது ஒரு அக்கா உங்களிடம் வருவார். "பாஸ்டருக்கு எங்க தம்பி நேரம்? நீங்கதான் வீட்டுக்கு வந்து பார்க்கறீங்க. நீங்களே பிரசங்கம் பண்ணலாம்." இனிப்பாக இருக்கும். அப்சலோம் பட்டணத்து வாசலில் நின்று செய்ததை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 15). உன் காரியம் நியாயம்தான், ஆனால் கேட்க ராஜாவிடத்தில் ஆள் இல்லை என்றான். வந்தவர்களைக் கைநீட்டிப் பிடித்து முத்தமிட்டான். இஸ்ரவேலரின் மனதைக் கவர்ந்துகொண்டான் என்று வேதம் சொல்கிறது. அவன் அன்றைக்குப் பட்டயம் எடுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினான், அவ்வளவுதான்.

மக்களுக்கும் மேய்ப்பருக்கும் நடுவில் நிற்காதீர்கள், அவர் பக்கத்தில் நில்லுங்கள். அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, அவர் வரலைன்னு உங்களுக்கு மனசு கஷ்டம்னு புரியுது. இதை அவர்கிட்டயே சொல்லுங்க. சாயங்காலம் அவர் இருப்பாரான்னு நான் கேட்டுச் சொல்றேன்." சொன்னபடியே கேட்டுச் சொல்லுங்கள். பாஸ்டரிடம் போய், "அந்த அக்கா உங்களைப் பத்தி இப்படிப் பேசுறாங்க" என்று சொல்வது வேறு. "அந்த அக்கா வீட்டுக்கு இந்த வாரம் போனா நல்லது பாஸ்டர்" என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லுங்கள். அவர் போவார். பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: காணிக்கை

தனியாக எண்ணாதீர்கள், பத்து ரிங்கிட்டாக இருந்தாலும். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே பொருளாளரிடம் கொடுக்க வேண்டும். கொரிந்து சபையின் தர்மப் பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு வேறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டார். பாஸ்டருக்கென்று யாராவது உங்கள் கையில் கவர் கொடுத்தால் அன்றைக்கே, திறக்காமல், கொடுத்தவர் பெயரோடு கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: சாவும் கல்யாணமும்

சாவு வீட்டுக்குப் பாஸ்டருக்கு முன்னால் போங்கள். வீட்டிலேயே இறந்திருந்தால் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்கத்துக்கான பெர்மிட் வாங்க வேண்டும். இறந்தவரின் ஐசியை (அடையாள அட்டையை) தேடி எடுத்து வையுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் எதுவும் ஓடாது. நீங்கள் கூடவே போனால் பெரிய உதவி. அடக்க ஆராதனைக்கு என்ன பாட்டு என்று குடும்பத்தைக் கேட்டுப் பாஸ்டரிடம் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) பற்றிச் சொல்லுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். வழக்கமான முறையில் விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். உங்கள் பாஸ்டர் திருமணத் துணைப் பதிவாளராக நியமிக்கப்படவில்லை என்றால் சபையில் நடப்பது ஆசீர்வாத ஆராதனை மட்டுமே. இதைப் பத்திரிகை அடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

ஒன்பதாம் படி: பாஸ்டர் தவறினால்

கருத்து வேறுபாடு வரும். தனியாகச் சொல்லுங்கள், மூப்பரைத் தகப்பனைப் போலப் பாவித்து. சொன்ன பிறகு அவர் முடிவு வேறாக இருந்தால் அதை உங்கள் முடிவைப் போலவே செய்யுங்கள். வெளியே வந்து "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள்.

ஆனால் உண்மையாயிருப்பது வேறு, மூடி மறைப்பது வேறு. பணத்தில் தவறு நடந்தால் முதலில் அவரிடம், கேளாவிட்டால் சாட்சிகளோடு செயற்குழுவுக்கும் மேலிடத்துக்கும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் சபைக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள், செய்தது யாராக இருந்தாலும் சரி. 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமலிருப்பதே குற்றம். போலீசுக்குப் போங்கள், அல்லது 15999 என்ற எண்ணில் தாலியான் காசி உதவித் தொடர்புக்கு அழையுங்கள். ஊழியத்தின் நற்பெயர் கெடும் என்று உங்களை யாராவது தடுப்பார்கள். அந்தப் பிள்ளையைவிடப் பெரிய நற்பெயர் எந்தச் சபைக்கும் இல்லை.

பத்தாம் படி: வீடும், அடுத்த ஆளும்

வாரத்தில் ஒரு இரவு சபைப் போனை எடுக்காதீர்கள். பாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வேலைக்கு லீவு போட்டு ஊழியம் செய்யும் பழக்கம் வேண்டாம், முதலாளிக்கும் நீங்கள் சாட்சிதான்.

ஒரு வருடம் ஆனதும் ஒரு வாலிபப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தை அவனிடம் காட்டுங்கள், ஜெப விண்ணப்பங்கள் எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்து எரித்துவிட்டு. ஸ்பீக்கர் கம்பி எங்கே இருக்கிறது, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, எந்தப் பாட்டிக்கு முன் சீட் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்து கதவைத் திறக்கட்டும்.