தராசுக்குப் போகும் முன்னே: சேலத்தில் பழைய சாமான் வாங்கி வீட்டை அழகாக்கும் வழி

அமெரிக்காவில் சனிக்கிழமை காலையில் கார் ஷெட்டைத் திறந்து, வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி, விலைச் சீட்டு ஒட்டி விற்பார்கள். கராஜ் சேல் என்பது அதுதான். சேலத்தில் யாரும் அப்படிக் கடை விரிப்பதில்லை. ஃபேர்லாண்ட்ஸில் ஒரு வீட்டம்மா பித்தளை அண்டாவை வாசலில் வைத்து விற்றால், தெருவே வந்து "என்ன கஷ்டம்?" என்று விசாரிக்கும். இங்கே வேண்டாத சாமான் சத்தமில்லாமல் தராசுக்குப் போய்விடும். பித்தளை பாத்திரக் கடைக்கு, இரும்பு பழைய இரும்புக் கடைக்கு, மரம் விறகுக்கு. மலிவாக வாங்க நினைப்பவர் அது வீட்டை விட்டுக் கிளம்பி உருக்குக்கும் அடுப்புக்கும் போவதற்குள் குறுக்கே போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

எந்தச் சுவர் காலியாக இருக்கிறது, எந்த மூலையில் என்ன வைக்கலாம், அதன் நீளம் அகலம் என்ன என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாசற்படியின் அகலத்தையும் சேர்த்து. மாடி வீடாக இருந்தால் படிக்கட்டுத் திருப்பத்தையும். பட்டியல் இல்லாமல் போனால் மலிவாகக் கிடைத்ததெல்லாம் வீட்டுக்கு வந்து பரணில் ஏறும்.

எப்போது, எங்கே

ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாக யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆடிக்கு முந்தைய வாரங்களில் அவசரமாகக் காலி செய்பவர்கள் அதிகம். பள்ளி முடிந்து மாற்றலில் போகும் பேங்க், ரயில்வே, உருக்காலைக் குடும்பங்களும் அதே வைகாசி, ஆனியில்தான் மூட்டை கட்டுவார்கள். கட்டில், அலமாரி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் அப்போதுதான் கைமாறும். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவிலும் வாட்ச்மேனிடமும் சொல்லிவைத்தால் போதும்.

இன்னொரு காலம் போகிக்கு முந்தைய வாரம். பரணிலிருந்து இறங்கும் சாமான் பழைய பேப்பர்க்காரரின் வண்டிக்குப் போகும் வாரம் அது. உங்கள் தெருவுக்கு வழக்கமாக வருபவரிடம், "பித்தளையோ மரச்சாமானோ வந்தால் கடைக்குப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று நம்பரைக் கொடுத்துவிடுங்கள். கடை கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கட்டாயம் கூப்பிடுவார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு கடைகள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பாத்திரக் கடைகளில் புதுப் பாத்திரத்துக்கு மாற்றாக வந்த பழசு பின்னால் குவிந்து கிடக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள். இடித்த வீட்டின் கதவு, நிலை, ஜன்னல் விற்கும் கடைகள் ஊரின் ஓரங்களில் உண்டு. அம்மாபேட்டை, குகை போன்ற நெசவுத் தெருக்களில் நின்றுபோன கைத்தறியின் நாடா (ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் மரக்கட்டை), ராட்டை கிடைக்கலாம். இருபுறமும் இரும்பு முனை வைத்து, கை பட்டுப் பட்டு வழவழத்த நாடா ஒன்று அலமாரியில் இருந்தால், கடையில் வாங்கும் எந்த அலங்காரப் பொருளும் பக்கத்தில் நிற்காது.

ஏற்காட்டில் பழைய பங்களாக்கள் கைமாறும்போதும் எஸ்டேட் வீடுகளைப் புதுப்பிக்கும்போதும் பிரம்பு நாற்காலி, பீங்கான் ஜாடி, கனமான மேசைகள் வெளியே வரும். அங்கே கடை தேடிப் பயனில்லை. டீக்கடையிலும் தச்சரிடமும் விசாரிப்பதுதான் வழி.

ஆன்லைனில் பார்த்தால் நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். பணம் வாங்குவதற்கு யூபிஐ ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது மோசடி.

பையில் என்ன இருக்க வேண்டும்

சின்னக் காந்தம், அளவு டேப், டார்ச், ஈரத்துணி, பழைய போர்வை, கயிறு, சில்லறை நோட்டுகள்.

பொருளைப் பார்ப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை கனக்கும், பெயிண்ட் அடித்த அலுமினியம் லேசாக இருக்கும். அடிப்பகுதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால் ஓட்டையும், ஓட்டையை உலோகம் உருக்கி அடைத்துப் பற்றுவைத்த இடமும் தெரியும். பூச்செடி வைக்கப்போகிறீர்கள் என்றால் பற்று ஒரு குறையே இல்லை. சமைக்க மட்டும் வேண்டாம்.

பழைய பாத்திரத்தின் விளிம்பில் பெரும்பாலும் பெயர் வெட்டியிருக்கும். புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்து: ஒரு பெண்ணின் பெயர், அவளது தந்தையின் இனிஷியல், சிலவற்றில் கல்யாணத் தேதி. சிலர் அதைத் தேய்த்து எடுக்கக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி தனியாகத் தெரியும், பாத்திரம் கெட்டுப்போனதுபோல் ஆகிவிடும்.

மரத்தில் முதல் பகை உளு, அதாவது மரத்தைத் துளைத்துத் தின்னும் பூச்சி. குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய துளையாக இருக்கலாம். சாமானைத் தரையில் ஒருமுறை தட்டுங்கள். மாவு போல வெளிர்நிறத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். கரையான் வேறு கதை: மண் பாதை தெரியும், விரலால் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். மேசையின் மேற்பக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, இழுப்பறையை வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். அங்கே பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை) தெரிந்தால் அது பழசு அல்ல, வெறும் பயன்படுத்தியது.

கதவும் ஜன்னலும் வாங்கினால் காந்தத்தை மரத்தின் மேலேயே நகர்த்துங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் இழுக்கும். ஆணியில் பட்டு பிளேடு போனால் தச்சர் உங்களைத்தான் திட்டுவார். பல அடுக்குப் பெயிண்ட் அடித்த பழைய மரத்தை வீட்டில் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய பெயிண்டின் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

பஞ்சு வைத்த சோபா, மெத்தை, தலையணை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சிக்கு ஆகும் செலவில் புதுசே வாங்கலாம்.

சட்டம் தடுக்கும் சில பொருட்களும் உண்டு. ஏற்காட்டுப் பங்களா என்றாலே சுவரில் ஒரு மான் கொம்போ காட்டெருமைத் தலையோ இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இருந்தாலும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம், தாத்தா காலத்துப் பொருளாக இருந்தாலும். அதேபோல் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளை வைத்திருக்கப் பதிவும், வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும்; அதற்கும் 1972-லேயே தனிச் சட்டம் உண்டு. "கோயில்ல இருந்து வந்ததுங்க" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

விலை பேசுவது

கிளம்பும் முன் இரண்டு பாத்திரக் கடைகளில், "பழைய பித்தளை கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?" என்று விற்பவர் போலக் கேளுங்கள். அன்றைய எடை விலை தெரிந்துவிடும். கணக்குக்கு அது 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ அண்டா வைத்திருப்பவருக்குக் கடையில் கிடைப்பது 1,800. நீங்கள் 2,000 கொடுத்தால் அவருக்கு லாபம். புது அண்டா விலையோடு ஒப்பிட்டால் உங்களுக்கும் லாபம். 1,800-க்குக் கீழே கேட்டால், கடைக்கே போட்டுவிடுவார், நியாயமும்கூட. எடை போடும்போது உள்ளே மண்ணோ, கைப்பிடியில் இரும்போ இருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

கடையில் காலையில் முதல் ஆளாகப் போனால் போணிக்காகக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் போணி நேரத்தில் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அந்தக் கடையில் அப்புறம் முகம் கொடுக்க மாட்டார்கள். வாங்கும் எண்ணம் உறுதியானால் மட்டும் விலை கேளுங்கள்.

பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணா, இந்த ஜாடி என்ன விலைங்க?"

"எண்ணூறு குடுங்க கண்ணு. இப்பல்லாம் வர்றதே இல்ல."

"மூடி இல்லீங்களே. அந்தக் குத்துவிளக்கையும் எடுத்துக்கறேன், ரெண்டுக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கண்ணா."

குறையைச் சொல்லலாம், பொருளை மட்டம் தட்டக் கூடாது. இரண்டு பொருளைச் சேர்த்துக் கேட்டால் விலை இறங்கும். தனி வீட்டில் வாங்கும்போது நான் பேரமே பேசுவதில்லை. எடை விலைக்கு மேலே ஒரு நியாயமான தொகையைச் சொல்வேன், சரி என்றால் எடுப்பேன். மாமியார் கொடுத்த குத்துவிளக்கை விற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்ட மனம் வராது.

கொண்டுவருவதும் பழக்குவதும்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். கண்ணாடியைப் படுக்கவைத்து ஏற்றாதீர்கள், போர்வை சுற்றி நிறுத்திக் கட்டுங்கள். மேலே மளிகைச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) கிடைத்தால் வாடகை பாதியாகும்.

மலையின் ஈரத்தில் பல வருடம் இருந்த மரம், சேலத்து வெயிலுக்கு வந்ததும் சுருங்கும். அங்கே இறுகியிருந்த இழுப்பறை இங்கே தளர்ந்து ஓடும், பொருத்துகள் விடும். ஆகவே வந்த கையோடு தச்சரைக் கூப்பிட வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத அறையில் சில வாரம் கிடக்கட்டும். சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு பசை போட்டால் நிற்கும்.

பித்தளைக்குப் புளியும் உப்பும் போதும். தேய்த்து, கழுவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். ஈரம் காய்ந்தால் திட்டு விழும். வேலைப்பாட்டின் பள்ளங்களில் தங்கும் கறுப்பை முழுக்க எடுக்காமல் விட்டால்தான் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும். பழைய விளக்குகளில் வயரையும் ஹோல்டரையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். துணியை விரித்து வெளியே கொடியில் காயவிட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள்.